பால் எங்கே போனது?

ஐந்து வாளி பால். நுரை தள்ளிக்கொண்டு நிற்கிறது. காலையில் அங்கே இருந்தது, மாலையில் இல்லை.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'அனிமல் ஃபார்ம்' கதையைப் படித்த பலருக்கு இந்த இடம் ஞாபகமே இருக்காது. (தமிழில் க.நா.சு. 'விலங்குப் பண்ணை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்.) அந்தக் கதை என்றதும் ஞாபகத்துக்கு வருவது ஒன்பது வேட்டை நாய்கள், சுவரில் எழுதிய ஏழு விதிகள், கடைசியில் இரண்டு காலில் நடக்கும் பன்றிகள். பள்ளியில் இதைப் பாடமாகப் படித்தவர்களும் தேர்வில் நாய்களைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். சர்வாதிகாரி பயமுறுத்தித்தானே ஆட்சிக்கு வருகிறான்?

இல்லை. பயமுறுத்தல் ரொம்பப் பிறகு வருகிறது. நெப்போலியன் என்ற அந்தப் பன்றி ஆட்சியைப் பிடித்தது நாய்கள் ஸ்நோபாலைத் துரத்திய அன்றைக்கு அல்ல. பால் காணாமல் போய், அதைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்காத அன்றைக்கே வேலை முடிந்துவிட்டது.

கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜோன்ஸ் என்ற குடிகாரப் பண்ணை முதலாளி விலங்குகளுக்குத் தீனி போட மறந்துவிடுகிறான். பசி தாங்காத விலங்குகள் அவனை அடித்துத் துரத்துகின்றன. பண்ணை இனி எல்லோருக்கும் சொந்தம். கறக்காமல் விட்ட மாடுகளைப் பன்றிகள் கறக்கின்றன, ஐந்து வாளி நிறைகிறது. இதை என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு குரல் கேட்கிறது. ஜோன்ஸ் காலத்தில் கொஞ்சம் எங்கள் தீனியில் கலப்பார்கள் என்று ஒரு கோழி சொல்கிறது. நியாயமான கேள்வி, நியாயமான பேச்சு. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறான். பால் கிடக்கட்டும், அறுவடைதான் முக்கியம், எல்லோரும் போங்கள் என்கிறான். எல்லோரும் போகிறார்கள். அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? அவன் யாரையும் மிரட்டவில்லை. பொய்கூடச் சொல்லவில்லை. அறுவடை முக்கியம்தான். ஒரு பெரிய வேலையைக் காட்டி ஒரு சின்னக் கணக்கைத் தள்ளிப்போட்டான்.

இது வாசகர்களாகப் பார்த்துக் கற்பித்துக்கொண்ட விளக்கம் அல்ல. ஆர்வெலே 1946 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில், கதையின் திருப்புமுனை பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம்தான் என்று சொல்லியிருக்கிறார். மற்ற விலங்குகள் அப்போதே எதிர்த்து நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது அவர் கருத்து. அந்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு ஊரின் பெயரையும் எழுதினார். க்ரோன்ஸ்டாட். 1921 மார்ச்சில் ரஷ்யப் புரட்சிக்குத் தோள் கொடுத்த அதே கடற்படை வீரர்கள் சுதந்திரமான தேர்தலும் பேச்சுரிமையும் கேட்டார்கள். புரட்சி அரசு ராணுவத்தை அனுப்பி அவர்களை நசுக்கியது. அப்போது ராணுவத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்டாலின் இல்லை, ட்ராட்ஸ்கி.

இங்கேதான் கதையின் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஆப்பிள்களும் பாலும் பன்றிகளுக்கு மட்டும் என்று முடிவானபோது எல்லாப் பன்றிகளும் ஒத்துக்கொண்டன. ஸ்நோபாலும்தான்! ஸ்நோபால் என்றால் ட்ராட்ஸ்கி என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்நோபால் நல்லவன், நெப்போலியன் கெட்டவன் என்று இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு நாய்கள் தன்னைத் துரத்தியபோது ஸ்நோபாலுக்காக யாரும் நிற்கவில்லை என்றால், அதற்கான விதை அவன் குடித்த பாலிலேயே இருந்தது.

நிஜத்திலும் இப்படித்தான். 1922 ஏப்ரலில் ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். அன்றைக்கு அது ஒரு பெரிய பதவியே அல்ல. கோப்பு பார்க்கிற வேலை. யாரை எந்த ஊருக்கு மாற்றுவது, யாருக்கு எந்தப் பொறுப்பு, கூட்டத்துக்கு என்ன நிகழ்ச்சி நிரல்... பெரிய பேச்சாளர்களுக்கும் சிந்தனையாளர்களுக்கும் சலிப்பூட்டும் வேலை. 'சரி, அந்த ஆளே பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட்டார்கள். நோயில் படுத்திருந்த லெனின், இந்த ஆளை அந்தப் பதவியிலிருந்து மாற்றுங்கள் என்று 1923 ஜனவரியில் குறிப்பு எழுதச் செய்தார். அவர் இறந்த பிறகு 1924-ல் அந்தக் குறிப்பு கட்சிப் பிரதிநிதிகளுக்கு வாசிக்கப்பட்டது. ஸ்டாலினைக் காப்பாற்றிப் பேசியவர்கள் சினோவியேவும் காமனேவும். அதே இரண்டு பேரையும் 1936 ஆகஸ்டில் ஸ்டாலினின் ஆட்சி சுட்டுக் கொன்றது.

ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பங்காளிகள். ஒருவர் வாடிக்கையாளரிடம் அழகாகப் பேசுவார், ஒருவர் சரக்கு பிடிப்பார், ஒருவர் புதுக் கிளை திறக்கத் திட்டம் போடுவார். நாலாமவர் பேசாமல் மூலையில் உட்கார்ந்து பேரேட்டை எழுதுவார், கல்லாச் சாவியை வைத்திருப்பார். பத்து வருடம் கழித்து கடை யாருடையது என்று கேட்டால் பதில் தெரிந்ததுதானே.

சரி, பிடித்தாயிற்று. எப்படித் தக்கவைத்துக்கொள்கிறான்?

நாய்கள் ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனால் ஒன்பது நாய்களால் ஒரு பண்ணையையே எத்தனை நாள் அடக்க முடியும்? பாக்ஸர் என்ற குதிரை ஒருவனே அவற்றை உதைத்துத் தள்ளக்கூடிய பலசாலி. கதையில் ஒரு முறை நாய்கள் அவன் மேல் பாய்ந்தபோது ஒன்றைக் குளம்புக்குக் கீழே வைத்து அழுத்திவிடுகிறான். அப்போது அவன் யாரைப் பார்க்கிறான் தெரியுமா? நெப்போலியனை. இதை நசுக்கவா விடவா என்று அனுமதி கேட்கிற மாதிரி! பலம் அவனிடம் இருக்கிறது, முடிவெடுக்கும் உரிமை தன்னிடம் இருப்பதாக அவனுக்கே தோன்றவில்லை.

1947-ல் உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், இந்தக் கதை தோன்றிய விதத்தை ஆர்வெல் சொல்கிறார். ஒரு கிராமத்துப் பாதையில் பத்து வயதுப் பையன் ஒருவன் மிகப் பெரிய வண்டிக் குதிரையை ஓட்டிக்கொண்டு போகிறான். குதிரை திரும்பப் பார்க்கும்போதெல்லாம் சவுக்கால் ஒரு அடி. இந்தக் குதிரைக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றியதாம். பாக்ஸர் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆக, நெப்போலியனின் உண்மையான காவல் நாய்கள் அல்ல, ஸ்குவீலர். பேச்சில் கறுப்பை வெள்ளையாக்கும் பன்றி. இவனைப் பிரச்சாரகன் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். வணிகவியல் படித்தவர்கள் பார்த்தால் வேறொன்று தெரியும். இவன் பண்ணையின் கணக்குப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்குவீலர் ஒரு நீளமான தாளைப் பிடித்துக்கொண்டு புள்ளிவிவரம் வாசிக்கிறான். தீனி உற்பத்தி 200 சதவீதம், 300 சதவீதம், 500 சதவீதம் கூடியிருக்கிறது. விலங்குகளின் வயிறு காலி. ஆனால் தாளில் 500 சதவீதம். முதல் வருட மாணவனுக்குக்கூட இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். எதன் மேல் 500 சதவீதம்? அடிப்படை ஆண்டு எது? ஜோன்ஸ் காலத்தில் எவ்வளவு விளைந்தது? அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. பழைய நாட்கள் எப்படி இருந்தன என்று விலங்குகளுக்குச் சரியாக ஞாபகமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறெந்த எண்ணும் இல்லாததால் ஸ்குவீலர் சொல்லும் எண்ணே உண்மையாகிவிடுகிறது.

வார்த்தைகளையும் பாருங்கள். தீனியை வெட்டும்போது ஸ்குவீலர் அதைக் குறைப்பு என்று சொல்லவே மாட்டான், சரிசெய்தல் என்பான். ஞாயிற்றுக்கிழமை வேலை முழுக்க விருப்பத்தின் பேரில்தான், ஆனால் வராதவனுக்குப் பாதித் தீனி. (இந்த மாதிரி 'விருப்பம்' எந்த அலுவலகத்திலும் கிடைக்கும்!)

தானியக் கிடங்கு காட்சி இன்னும் அருமை. பண்ணையில் பஞ்சம். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். விம்பர் என்ற இடைத்தரகர் வாரா வாரம் வருகிறார். உடனே காலித் தொட்டிகளில் ஏறக்குறைய விளிம்பு வரை மணலை நிரப்பி, மேலே மட்டும் தானியத்தைத் தூவி வைக்கிறார்கள். விம்பர் எட்டிப் பார்க்கிறார், எல்லாம் நிறைந்திருக்கிறது, வெளியே போய் அப்படியே சொல்கிறார். சரக்கிருப்பு சரிபார்ப்பவர் கம்பியை விட்டுப் பார்க்காமல் மேலாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கதைதான். 1932-33-ல் உக்ரைனிலும் மற்ற பகுதிகளிலும் பல லட்சம் பேர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, மாஸ்கோவிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டுராண்டி பஞ்சமெல்லாம் இல்லை என்று எழுதினார். கிராமங்களில் நேரில் நடந்து பார்த்து 1933-ல் உண்மையைச் சொன்ன காரெத் ஜோன்ஸ் என்ற இளைஞரைத் தன் பத்திரிகையிலேயே மறுத்தார். விம்பர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை.

இன்னொரு விஷயம். கதையின் பிற்பகுதியில் பன்றிகள் எப்போதும் பெரிய பெரிய தாள்களில் எதையோ எழுதிக்கொண்டே இருக்கின்றன. கோப்புகள், அறிக்கைகள், நடவடிக்கைக் குறிப்புகள். எழுதி முடித்ததும் அடுப்பில் போட்டு எரித்துவிடுகின்றன. ஆர்வெல் இதைச் சும்மா கிண்டலுக்கு எழுதிவிட்டுப் போகிறார். ஆனால் இதைவிடத் துல்லியமாகச் சர்வாதிகாரத்தைச் சொல்ல முடியுமா? கணக்கே எழுதாத ஆட்சி அல்ல அது. ராத்திரி பகலாக எழுதுகிற, ஆனால் வேறு ஒருவர் படிக்கக் கூடாத கணக்கு.

இதெல்லாம் கதைக்காகக் கூட்டிச் சொன்னது என்று நினைப்பவர்கள் 1937-ம் ஆண்டு சோவியத் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். 1933 முடிவில் நாட்டின் ஜனத்தொகை 16 கோடியே 80 லட்சம் என்று ஸ்டாலின் கட்சி மாநாட்டில் அறிவித்திருந்தார். 1937 ஜனவரி 6-ல் ஒரே நாளில் கணக்கெடுத்தார்கள். வந்த எண் சுமார் 16 கோடியே 20 லட்சம். மூன்று வருடத்தில் ஜனத்தொகை கூடியிருக்க வேண்டும், தலைவர் சொன்னதைவிடக் குறைந்து நிற்கிறது. பஞ்சத்தில் செத்தவர்கள் அந்த இடைவெளியில் இருந்தார்கள். என்ன செய்தார்கள்? முடிவுகளை வெளியிடாமல் அமுக்கினார்கள். கணக்கெடுப்பு அதிகாரிகளைக் கைது செய்தார்கள். அதை நடத்திய குவித்கின் என்ற புள்ளியியலாளர் அதே வருடம் சுட்டுக் கொல்லப்பட்டார். 1939-ல் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை 17 கோடி வந்தது.

அவர் கலகம் செய்யவில்லை, மேடை ஏறிப் பேசவில்லை. கூட்டல் போட்டார், விடையை மாற்றாமல் எழுதினார்.

இந்த இடத்தில் ஆர்வெலோடு கொஞ்சம் சண்டை போடத் தோன்றுகிறது. கதையில் பன்றிகளைத் தவிர மற்ற விலங்குகள் பெரும்பாலும் மந்தபுத்தி. பாக்ஸருக்கு நாலு எழுத்துக்கு மேல் ஏறவில்லை. ஆடுகளுக்கு ஒரே ஒரு கோஷம்தான் தெரியும், அதையும் பன்றிகள் சொல்லிக் கொடுத்தபடி மாற்றிக் கத்தும். இப்படி வைத்தால் ஏமாந்தவர்கள் முட்டாள்கள், அதனால் ஏமாந்தார்கள் என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடுகிறது. ரஷ்யாவில் அப்படி இல்லை. க்ரோன்ஸ்டாட் மாலுமிகளுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. குவித்கினுக்கு எண்ணத் தெரிந்திருந்தது. தெரியாததால் தோற்கவில்லை, தெரிந்தவர்கள் தனித்தனியாக நின்றதால் தோற்றார்கள்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது பெஞ்சமின் என்ற கழுதை. பன்றிகளுக்குச் சமமாக வாசிக்கத் தெரிந்தவன். சுவரில் விதிகள் ராவோடு ராவாகத் திருத்தப்படுவது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. படுக்கையில் தூங்கக் கூடாது என்பதில் விரிப்பு பற்றி ஒரு சொல் சேர்கிறது, குடிக்கக் கூடாது என்பதில் அளவு பற்றி ஒரு சொல் சேர்கிறது, கொல்லக் கூடாது என்பதில் காரணம் பற்றி ஒரு சொல் சேர்கிறது. ஒப்பந்தப் பத்திரத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை சேர்ப்பது மாதிரி. ஒரு ராத்திரி ஏணி உடைந்து ஸ்குவீலர் பெயிண்ட் டப்பாவோடு சுவரடியில் விழுந்து கிடக்கிறான். அப்போதுகூட மற்றவர்களுக்குப் புரியவில்லை. பெஞ்சமினுக்குப் புரிகிறது, தலையை ஆட்டுகிறான், வாயைத் திறக்கவில்லை. படிக்கத் தக்கது எதுவும் இல்லை என்பது அவன் தத்துவம்.

நிறையப் பேருக்கு பெஞ்சமினைப் பிடிக்கும். விவரமானவன், எதிலும் ஏமாறாதவன், அலட்டிக்கொள்ளாதவன். ஆனால் அந்தப் பண்ணையில் நெப்போலியனுக்கு அடுத்தபடியாகக் கணக்குக் கேட்க வேண்டியவன் இவனைத்தான். பாக்ஸருக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. இவனுக்குத் தெரியும். தணிக்கையாளர் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டு, 'எல்லாக் கம்பெனியும் இப்படித்தான்' என்று பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போவது எந்த வகையில் நேர்மை?

பெஞ்சமின் ஒரே ஒரு முறை கத்துகிறான். உழைத்து உழைத்து விழுந்த பாக்ஸரை ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள். மற்ற விலங்குகள் வண்டியைச் சுற்றி நின்று கையசைத்து வழியனுப்புகின்றன. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை பெஞ்சமின்தான் சத்தமாக வாசிக்கிறான். குதிரைகளை அடித்துத் தோலும் பசையும் எடுக்கும் கசாப்புக்காரனின் விலாசம். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பாக்ஸர் உள்ளிருந்து உதைக்கிறான். ஒரு காலத்தில் நாலு உதையில் அந்த வண்டியைத் தூள் பண்ணியிருப்பான். இப்போது முடியவில்லை, சத்தம் குறைந்து நின்றுவிடுகிறது. சில நாள் கழித்துப் பன்றிகள் எங்கிருந்தோ பணம் புரட்டி ஒரு பெட்டி விஸ்கி வாங்கியதாகப் பேச்சு வருகிறது. வரவு எங்கிருந்து என்று கதை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தப் புத்தகம் வெளிவருவதற்கே படாத பாடு பட்டது. 1944-ல் எழுதி முடித்தார். சோவியத் யூனியன் அப்போது பிரிட்டனின் போர்க்கூட்டாளி, ஸ்டாலினைக் கிண்டல் செய்யும் கதையை யார் போடுவார்கள்? ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பகங்கள் மறுத்தன. ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த கவிஞர் டி.எஸ்.எலியட்டும் மறுத்தார். அவர் சொன்ன காரணம்தான் வேடிக்கை. பன்றிகள்தானே மற்ற விலங்குகளைவிடப் புத்திசாலிகள், அதனால் பண்ணையை நடத்த அவையே தகுதியானவை, வேண்டியது இன்னும் பொதுநலம் மிக்க பன்றிகள்தான் என்ற பொருளில் எழுதினார். கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்டில் 4,500 பிரதிகள் அச்சிட்டது.

எலியட் சொன்னதை இன்றைக்கும் நிறையப் பேர் சொல்கிறார்கள். நல்லவர் ஒருவர் வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று. கம்பெனி நடத்துகிறவர்கள்கூட அப்படி நம்புவதில்லை. சொந்தத் தம்பியே காசாளராக இருந்தாலும் வவுச்சரில் இரண்டு கையெழுத்து கேட்கிறார்கள். தம்பி திருடன் என்பதால் இல்லை. இரண்டாவது கையெழுத்து இல்லாத இடத்தில் நல்ல தம்பி யார், கெட்ட தம்பி யார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதால். பொதுநலம் மிக்க பன்றி வாளிக்கு முன்னால் நின்றிருந்தாலும், பால் எங்கே போனது என்று கேட்க ஆள் வேண்டும்.

1954-ல் இந்தக் கதை கார்ட்டூன் படமாக வந்தது. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ரகசியமாகப் பணம் கொடுத்திருந்தது பின்னால் தெரியவந்தது. முடிவையும் மாற்றியிருந்தார்கள். படத்தில் விலங்குகள் திரண்டு வந்து பன்றிகளை வீழ்த்துகின்றன. புத்தகத்தில் அப்படி எதுவும் நடக்காது. கிட்டப்பார்வை மங்கிப்போன கிழட்டுக் குதிரை க்ளோவர், சுவரில் எழுத்து மாறியிருக்கிற மாதிரித் தெரிகிறதே, படித்துச் சொல்கிறாயா என்று பெஞ்சமினைக் கேட்கிறாள். இந்த முறை அவன் மறுக்கவில்லை. படித்துக் காட்டுகிறான். சுவரில் ஒரே ஒரு விதிதான் மிச்சம் இருக்கிறது.